விடியுமுன் இறுகும் தமனி

இதய நோயாளிகள் சிலருக்கு மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் ஒரு மாத்திரைக்கு எதிரே ‘ராத்திரி படுக்கும்போது’ என்று இருக்கும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் காலையில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பார். அவர் மனத்தில் இருப்பது நள்ளிரவுக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில் வரும் ஒரு வலி. அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் நிறைந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு.

அந்த வலி வருகிற விதமே புதிர்தான். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தவர் மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல் உணர்ந்து விழித்துக்கொள்கிறார். வலி தோளுக்கும் தாடைக்கும் ஏறுகிறது, உடம்பு வியர்த்துக் கொட்டுகிறது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், சில சமயம் கால் மணி நேரம். பிறகு வந்த சுவடே தெரியாமல் போய்விடுகிறது. அதே ஆள் அன்று மதியம் மூன்று மாடி ஏறுவார், ஒன்றும் ஆகாது. பகலில் வைத்த டிரெட்மில் சோதனையிலும் தேறிவிடுவார். ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தால் அடைப்பு என்று சொல்லும்படி பல நேரம் எதுவும் இருக்காது. வாயுத் தொல்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். அடுத்த விடியற்காலையில் வலி மறுபடியும் வந்து நிற்கும்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி, அடைப்பு எதுவும் இல்லாமலேயே, திடீரென்று தன் சுவரை இறுக்கிக்கொள்வதால் வரும் வலி இது. மருத்துவர்கள் வாஸோஸ்பாஸ்டிக் ஆஞ்சைனா என்பார்கள். தமிழில் தமனி இசிவு எனலாம். இரவில் கெண்டைக்காலில் குரக்களி பிடிக்கும்போது தசை கல்லாக இறுகிப் பிறகு தானே விட்டுவிடுகிறதல்லவா, தசை வேறு வகை என்றாலும், ஏறத்தாழ அதுபோன்ற ஒன்றுதான் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள இதயத் தமனியின் சுவரிலும் நடக்கிறது. இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. பெரும்பாலானவை பழையவை, விலை குறைந்தவை. ஆனால் அவற்றை ஆண்டுக்கணக்கில் விடாமல் எடுத்துக்கொள்வதில்தான் இந்த நோயின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. வலி நின்ற பிறகும் நோய் இருக்கிறதா, போய்விட்டதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாத நோய் இது.

நெஞ்சு வலியைப் பற்றி மருத்துவ உலகம் கற்ற முதல் பாடம் இதற்கு நேர் எதிரானது. 1768இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் ஆஞ்சைனாவை முதன்முதலில் தெளிவாக விவரித்தபோது, நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது வருகிற வலி என்றும் நின்றுவிட்டால் போய்விடுகிற வலி என்றும் அடையாளம் சொன்னார். உழைப்பு கூடும்போது இதயத்துக்கு ரத்தம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. சுருங்கிப்போன தமனியால் அதைக் கொடுக்க முடியவில்லை. இந்தத் தேவைக் கணக்குதான் பின்னர் வந்த சிகிச்சைக்கெல்லாம் அடிப்படையாக இருந்தது. ஓய்வில் இருக்கும்போது வலிக்கிறது என்று சொன்னவர்களை அந்தக் கணக்குக்குள் அடக்க முடியவில்லை.

அவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகர இதய மருத்துவர் மைரன் பிரின்ஸ்மெட்டல். 1959இல் அவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட கட்டுரையில், உழைப்போடு தொடர்பில்லாமல், பெரும்பாலும் தினமும் ஒரே நேரத்தில் வரும் ஒரு மாற்றுவகை ஆஞ்சைனாவை விவரித்தார்கள். வலி வரும் நிமிடங்களில் இசிஜி கோடு, பெரிய மாரடைப்பில் எழுவதுபோல மேலே எழும்புகிறது. வலி தணிந்ததும் பழையபடி இறங்கிவிடுகிறது. தமனியின் சுவர் தற்காலிகமாக இறுகுவதுதான் காரணமாக இருக்கும் என்று பிரின்ஸ்மெட்டல் ஊகித்தார். அது சரியான ஊகம்.

ஆனாலும் நம்புகிறவர்கள் குறைவாகவே இருந்தார்கள். இத்தாலியின் பீசா நகரில் அத்திலியோ மசேரி என்ற மருத்துவர் எழுபதுகளில் இந்த நோயாளிகளை இரவும் பகலும் கருவிகளில் இணைத்துக் கண்காணித்தார். வலி தொடங்குவதற்கு முன் நாடித் துடிப்பும் கூடவில்லை, ரத்த அழுத்தமும் ஏறவில்லை. அதாவது இதயம் கூடுதலாக எதையும் கேட்கவில்லை. வந்துகொண்டிருந்த ரத்தம்தான் நின்றிருக்கிறது. வலி வரும் சமயத்திலேயே ஆஞ்சியோகிராம் எடுத்தபோது தமனி இறுகி மூடுவது படத்தில் தெரிந்தது. 1978இல் இன்னொரு படி போய், இசிவு நீடித்தால் அதுவே முழு மாரடைப்பாக முடியலாம் என்றும் மசேரி குழுவினர் காட்டினார்கள். இசிவு நேரத்தில் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்து சிலர் சட்டென்று மயங்கி விழுவதும் இறப்பதும் உண்டு. வலி நிமிடங்களில் போய்விடுகிறது என்பதற்காக இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் அதுதான்.

இந்த நோயை மிக ஆழமாகப் படித்த நாடு ஜப்பான். அங்கே இது மற்ற நாடுகளைவிட அதிகம் காணப்படுகிறது. குமமோட்டோவைச் சேர்ந்த ஹிரோஃபூமி யாசுவே 1979இல் வெளியிட்ட ஒரு சோதனையை நான் வியப்போடுதான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். 13 நோயாளிகளை விடியற்காலையில் டிரெட்மில்லில் நடக்க வைத்தார்கள். 13 பேருக்கும் வலி வந்தது. அதே நோயாளிகளைப் பிற்பகலில் நடக்க வைத்தார்கள். இரண்டு பேருக்குத்தான் வந்தது. ஆளும் அதே, தமனியும் அதே, உழைப்பும் அதே. மாறியது பொழுது மட்டும். தமனியின் தசை விடியற்காலையில் ஏற்கெனவே சற்று இறுகிய நிலையில் இருக்கிறது. பகல் ஏற ஏறத் தளர்கிறது. பகலில் வைக்கிற சோதனையில் இந்த நோய் தப்பித்துப் போவதற்கும், மாத்திரையை ராத்திரி போடச் சொல்வதற்கும் இதுவே விளக்கம்.

இறுக்கத்தைச் செய்வது என்ன? கால்சியம். தமனிச் சுவரில் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும் மென்தசைச் செல்களுக்கு வெளியே கால்சியம் ஏராளமாக இருக்கிறது. தளர்ந்திருக்கும் செல்லுக்கு உள்ளே அதன் அளவு, வெளியே உள்ளதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. செல்லின் உறையில் கால்சியம் மட்டும் நுழைவதற்கென்று நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவை திறந்தால் கால்சியம் உள்ளே பாய்கிறது, அங்குள்ள புரதங்களைத் தூண்டுகிறது, தசை சுருங்குகிறது.

கால்சியத்துக்கும் தசைக்கும் உள்ள இந்தத் தொடர்பு தெரியவந்த கதை நன்றாக இருக்கும். 1880களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். காய்ச்சி வடித்த நீரில் செய்த கரைசல் என்று நினைத்திருந்தார். உதவியாளர் அதைக் குழாய்த் தண்ணீரில் செய்திருந்தது பிறகு தெரிந்தது. உண்மையிலேயே காய்ச்சி வடித்த நீரில் செய்து பார்த்தபோது இதயம் தளர்ந்து நின்றுபோனது. லண்டன் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அதுவரை அதைத் துடிக்க வைத்திருந்தது. இன்று நம் மருத்துவமனைகளில் ஏற்றுகிற ‘ஆர்.எல்.’ பாட்டிலில் உள்ள முதல் எழுத்து இந்த ரிங்கரைத்தான் குறிக்கிறது.

அதற்கு எண்பது ஆண்டுகள் கழித்து, 1960களில், ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கன்ஸ்டைன் ஒன்றைக் கவனித்தார். வெராபமில் போன்ற சில மருந்துகளைக் கொடுத்தால், கரைசலில் கால்சியத்தை எடுத்துவிட்டதைப் போலவே இதயத் தசை வலுவிழக்கிறது. கால்சியத்தைக் கூட்டினால் வலு திரும்புகிறது. அந்த மருந்துகள் கால்சியத்தின் வாயிலை மறிக்கின்றன என்ற புரிதல் அங்கிருந்து வளர்ந்தது. ஜெர்மனியிலிருந்து நிஃபெடிபின், ஜப்பானிலிருந்து டில்டியாஸெம் என்று எழுபதுகளில் மருந்துகள் வரிசையாக வந்தன. தமனி இசிவுக்கு முதல் மருந்து இன்றைக்கும் கால்சியம் தடுப்பான் எனப்படும் இந்தக் குடும்பம்தான். நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வலி நின்றுவிடுகிறது அல்லது வெகுவாகக் குறைகிறது.

வலி குறைவதோடு நிற்கவில்லை. யாசுவே குழுவினர் 245 நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், கால்சியம் தடுப்பான் எடுத்துக்கொண்டவர்கள் மாரடைப்பில்லாமல் வாழும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அடைப்பு பெரிதாக இல்லாமல், மருந்தையும் ஒழுங்காக எடுத்துக்கொள்பவர்கள் நெடுநாள் நன்றாக வாழ்கிறார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் தடவை நோயின் பெயரைக் கேட்கும் குடும்பங்கள் நொறுங்கிப் போய்விடுகின்றன.

ஆண்டுக்கணக்கில் சாப்பிடும்போது சின்னச் சின்னத் தொல்லைகள் வரும். நிஃபெடிபின், அம்லோடிபின் வகையில் கணுக்கால் வீங்கும். வெராபமில் மலச்சிக்கல் தரும். டில்டியாஸெம் நாடியை மெதுவாக்கும். இந்த வீக்கத்தைச் சிறுநீரகக் கோளாறு என்று பயந்து, மருத்துவரிடம் சொல்லாமலேயே மாத்திரையை விடுகிறவர்கள் உண்டு. அளவை மாற்றவோ வேறு கால்சியம் தடுப்பானுக்குப் போகவோ வழி இருக்கிறது. சொன்னால்தான் மாற்ற முடியும்.

சாதாரண ஆஞ்சைனாவுக்கு நன்மை செய்யும் மருந்தே இங்கே தீங்கு செய்யலாம் என்பது இந்த நோயின் விசித்திரங்களில் பெரியது. பீட்டா பிளாக்கர்கள் இதயத்தின் உழைப்பைக் குறைப்பதால் ஹெபர்டன் சொன்ன வகை வலிக்கு அருமையான மருந்து. ஆனால் தமனித் தசையைத் தளர்த்தும் ஏற்பிகளையும் ப்ரோப்ரனலால் போன்றவை சேர்த்து மூடிவிடுகின்றன. இறுக்கும் ஏற்பிகள் மட்டும் தடையில்லாமல் வேலை செய்கின்றன. ப்ரோப்ரனலால் கொடுத்தபோது இசிவு வலி கூடுதல் நேரம் நீடித்ததை 1982இல் ஓர் அமெரிக்க ஆய்வு பதிவு செய்தது. ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ட்ரிப்டான், எர்காட் வகை மருந்துகளும் தமனியை இறுக்குபவை. இசிவு நோய் இருப்பவர் தலைவலிக்குப் போனாலும், பல்லைப் பிடுங்கப் போனாலும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது நைட்ரேட். நாக்கின் அடியில் வைத்துக் கரையவிடும் மாத்திரை தெரியாத வீடு குறைவு. இசிவு வந்துவிட்ட நேரத்தில் இதற்கு நிகரான மருந்து இல்லை. ஓரிரு நிமிடத்தில் தமனி விரிகிறது. அப்படியானால் நீண்டநேரம் வேலை செய்யும் நைட்ரேட்டைத் தினமும் கொடுத்துவிட்டால் போதாதா? போதாது. இதற்கான எச்சரிக்கை வெடிமருந்துத் தொழிற்சாலைகளிலிருந்து வந்தது. நைட்ரோகிளிசரினைக் கையாண்ட தொழிலாளர்களுக்குத் திங்கட்கிழமை தலை பிளக்கும். இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். 1972இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அவர்களில் சிலருக்கு வேலையில்லாத வார இறுதியில் நெஞ்சு வலி வந்தது. மாரடைப்பும் திடீர் மரணமும்கூட நேர்ந்தன. தமனிகளில் அதற்கேற்ற அடைப்பு இல்லை. வாரம் முழுவதும் நைட்ரேட்டில் விரிந்து பழகிய தமனி, அது திடீரென்று நின்றதும் எதிர்ப்பக்கம் இறுகியிருக்கிறது.

உடம்பு நைட்ரேட்டுக்குப் பழகாமல் இருக்க, நாளில் சில மணி நேரம் மருந்தில்லாத இடைவெளி விட வேண்டியிருக்கிறது. இசிவு நோயாளிக்கு அந்த இடைவெளியை இரவில் விட முடியாது என்பது சொல்லாமலே விளங்கும். இன்னும் கவலை தரும் செய்தி 2015இல் வந்தது. ஜப்பான் இதயத் தமனி இசிவுச் சங்கம் 1,429 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தபோது, நைட்ரேட்டைத் தொடர்ந்து எடுத்தவர்களுக்கு எடுக்காதவர்களைவிடக் கூடுதல் பாதுகாப்பு எதுவும் தென்படவில்லை. நைட்ரேட்டோடு நிக்கோராண்டில் என்ற இன்னொரு தமனி விரிப்பு மருந்தையும் சேர்த்து எடுத்தவர்களிடம் பாதிப்புகள் அதிகமாகவே இருந்தன. நோய் கடுமையாக இருந்தவர்களுக்கே இரண்டையும் கொடுத்திருப்பார்கள் என்ற சந்தேகத்துக்கு இடமுண்டு. இது கண்காணிப்பு ஆய்வுதான். ஆனாலும் எனக்குச் சரியென்று படுவது இதுதான்: அன்றாடக் காவலுக்குக் கால்சியம் தடுப்பான், வலி வந்தால் நாக்கடி நைட்ரேட், மற்றவை அது போதாதபோது மட்டும்.

நைட்ரேட் ஏன் வேலை செய்கிறது என்ற கேள்விக்கு நூறாண்டுக்கு மேல் விடை இல்லை. டைனமைட்டைக் கண்டுபிடித்துப் பணம் குவித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே, 1896இல், இதய நோய்க்காக அதே நைட்ரோகிளிசரினை மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். யாருக்கும் காரணம் தெரியாது. நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். அசிடைல்கோலின் என்ற பொருளை விட்டால் அந்தத் துண்டுகள் சுருங்குவதே வழக்கம். 1978இல் ஒரு நாள் அவை தளர்ந்தன. தேடிப் பார்த்ததில், வழக்கமாகத் துண்டை வெட்டும்போது தமனியின் உட்புறம் உரசுப்பட்டு அதன் மெல்லிய உள்படலம் போய்விடுகிறது என்றும், இம்முறை அது தப்பியிருக்கிறது என்றும் தெரிந்தது. உள்படலம் இருந்தால் அசிடைல்கோலின் தளர்த்துகிறது; இல்லாவிட்டால் இறுக்குகிறது. அந்தப் படலம் சுரக்கும் ஒன்றுதான் தசையைத் தளர்த்துகிறது. அது நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு என்று பின்னர் தெரியவந்தது. நைட்ரேட் மாத்திரைகள் உடம்பில் தருவதும் அதையே. ஃபர்ச்காட்டும், இதே வாயுவை ஆராய்ந்த இக்னாரோவும் முராதும் 1998இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அசிடைல்கோலினின் இந்த இரட்டைக் குணம்தான் இன்று நோயைக் கண்டறியும் சோதனைக்கு அடிப்படை. ஆஞ்சியோகிராம் செய்யும்போதே சிறு அளவு அசிடைல்கோலினை இதயத் தமனிக்குள் செலுத்துகிறார்கள். நல்ல தமனி தாங்கிக்கொள்ளும். நோயுள்ள தமனி, வலியோடும் இசிஜி மாற்றத்தோடும், நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சுருங்கிக் காட்டும். உடனே நைட்ரோகிளிசரின் கொடுத்து விடுவித்துவிடுவார்கள். இப்படிச் சோதித்துப் பெயர் வைப்பதால் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு கிளாஸ்கோவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு பதில் தந்தது. அடைப்பில்லாத நெஞ்சு வலிக்காரர்கள் 151 பேருக்கும் சோதனை நடந்தது. ஒரு பாதியினரின் முடிவுகளை மட்டும் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்குத் தெரிவித்தார்கள். ஆறு மாதத்தில் அந்தப் பாதியினரின் வலி தெளிவாகக் குறைந்திருந்தது. ‘ஆஞ்சியோ நார்மல்’ என்ற சொல்லோடு வீட்டுக்கு அனுப்பப்படும் எத்தனையோ பேரை நினைக்கும்போது இந்த ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உள்படலத்தைக் கெடுப்பவற்றில் முதலிடம் புகைக்கு. ரத்த அழுத்தமும் நீரிழிவும் சாதாரண இதய நோயில் வகிக்கும் இடத்தை இசிவு நோயில் பீடியும் சிகரெட்டும் பிடித்துக்கொள்கின்றன. மதுவும் தூண்டும், அதுவும் குடித்த நேரத்தில் அல்ல, சில மணி நேரம் கழித்து விடியற்காலையில். மதுவின் நச்சை முறிக்கும் ஒரு நொதி கிழக்காசியர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்கு மரபிலேயே வலுக்குறைவு. ஒரு மிடறு குடித்தாலே முகம் சிவந்துவிடும். குமமோட்டோ ஆய்வாளர்கள் இவர்களிடம் இசிவு அதிகம் என்று கண்டார்கள். நைட்ரோகிளிசரினை உடம்பில் செயல்பட வைப்பதிலும் அதே நொதிக்குப் பங்குண்டு. மற்றபடி, கால்சியம் தடுப்பானோடு ஃப்ளுவாஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது ஆறு மாதத்தில் பலரிடம் இசிவு அடங்கியதை யாசுவே குழு 2008இல் காட்டியது. ஸ்டென்ட் வைப்பதால் இசிவு தீராது. வைத்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்தில் தமனி இறுகும்.

சிலருக்குக் கால்சியம் தடுப்பானை உயர்ந்த அளவில் கொடுத்தும் வலி நிற்பதில்லை. அவர்களுக்கு வெவ்வேறு வகையான இரண்டு கால்சியம் தடுப்பான்களைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இந்தத் தசைகளில் கால்சியம் நுழைவது மட்டும் கோளாறு இல்லை. ரோ-கைனேஸ் என்ற நொதி மிகையாக வேலை செய்து, கொஞ்சம் கால்சியத்துக்கே தசையை முழுதாக இறுக வைக்கிறது. அதை அடக்கும் ஃபாசுடில் என்ற மருந்தை ஜப்பானில் மூளைத் தமனி இசிவுக்கு ஊசியாகப் பயன்படுத்துகிறார்கள். இதயத் தமனிக்குள் செலுத்தியபோது அங்கேயும் இசிவைத் தடுத்தது. தினமும் விழுங்கும் மாத்திரையாக அது இந்த நோயாளிகளிடம் இன்னும் வந்து சேரவில்லை.

இனி, இரண்டு ஆண்டு வலியே இல்லாமல் கழித்த ஒருவர் மருத்துவர் முன் உட்கார்ந்து, ‘இன்னும் எத்தனை நாள் இந்த மாத்திரை?’ என்று கேட்பதற்கு வருவோம். இந்த நோய் அலை அலையாக வரும். சில வாரம் தினமும் தாக்கும், பிறகு மாதக்கணக்கில் உறங்கும். மான்ட்ரியல் இதயக் கழகத்தின் டேவிட் வாட்டர்ஸ் 1983இல் காட்டியபடி, பலருக்குத் தானாகவே அடங்கியும் விடுகிறது. ஆகவே வலியின்மை மருந்தின் வேலையா, நோயின் உறக்கமா, உண்மையான விடுதலையா என்பது நோயாளிக்குத் தெரியாது; மருத்துவருக்கும் தெரியாது. வலியில்லாமல் ஆண்டுகள் கழித்தவர்களுக்கு ஜப்பானில் மறுபடி அசிடைல்கோலின் சோதனை செய்து பார்த்தபோது, பலருடைய தமனி பழையபடியே இறுகியது. மருந்தைச் சட்டென்று நிறுத்தியதும் இசிவு கூடுதல் வேகத்தோடு திரும்பி உயிரைப் பறித்த நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் அங்குள்ள மருத்துவர்கள் நிறுத்தத் தயங்குகிறார்கள். குறைத்தே ஆக வேண்டுமென்றால், புகையை முற்றிலும் விட்டவராகவும் நெடுநாள் வலியற்றவராகவும் இருப்பவரைத் தேர்ந்து, ஒரு மருந்தை மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, இடையிடையே 24 மணி நேர இசிஜி எடுத்துப் பார்த்துக் குறைக்கிறார்கள். அந்த இசிஜியில் அவர்கள் முதலில் பார்ப்பது விடியற்காலை நேரத்தை. வலி தெரியாமலேயே கோடு எழும்பி இறங்கியிருந்தால் அன்றே பழைய அளவுக்குத் திரும்பிவிடுவார்கள்.